கழற்றிய கோட்டு

இங்கிலாந்தின் ஹல் நகரத்து வீட்டில் மாடிப்படிக்கு அடியில் குனிந்து, டெரிக் கரண்ட் மீட்டரில், கடையில் பணம் ஏற்றி வந்த சாவியைச் செருகுகிறார். கரண்ட் கம்பெனியை மாற்றிய பிறகு இதுதான் முதல் ரீசார்ஜ். இந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக வீட்டுக்குள் கோட்டைக் கழற்றி மனைவி மொரீனிடம் கொடுத்திருக்கிறார். ஹீட்டர் டிக்டிக்கென்று சூடேறுகிறது. மீட்டரின் பச்சை வெளிச்சம் அவர் மூக்கில் விழுகிறது. "பத்து பவுண்டு போட்டேன், ஏழுதான் காட்டுது. பழைய பாக்கியைத் தலைமுழுகியாச்சுன்னு சொன்னியே?" கம்பெனி மாறினாலும் பாக்கி கூடவே வரும், ஒவ்வொரு ரீசார்ஜிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம் என்று மொரீனிடம் போனிலேயே சொல்லிவிட்டார்கள். அவர் ஹீட்டரைப் போடட்டுமே என்றுதான் மொரீன் அதை மறைத்தாள். "புது கம்பெனியாச்சே, கணக்கு தடுமாறுது போல," என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு டெரிக் இருமுகிறார். மொரீன் கோட்டை அவர் தோளில் போர்த்துகிறாள். "ஏம்மா, சூடாத்தானே இருக்கு?" அவள் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிடுகிறாள், தலை நிமிரவில்லை.