அம்பு எய்யிறவன்

நாளைக்குப் பெருநாள். இண்டைக்கும் சுஜீபன் ஒத்திகைக்கு வரல்ல.

எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. பதினொரு வருசமா எங்கட கோயில் பெருநாளுக்குப் புனித செபஸ்தியார் நாடகம் போடுறம். செபஸ்தியாரா நிக்கிறது நான்தான், அழகரெத்தினம். காய்ச்சலோடயும் தூணில கட்டுண்டு நிண்டவன் நான். கயிறு தளர்ந்தா எனக்குப் பிடிக்காது. "இறுக்கிக் கட்டுங்க. வேதத்துக்காக உயிரைக் குடுத்தவர் தொளதொளெண்டா நிண்டவர்?" எண்டு கட்டுறவங்களை ஏசுவன்.

என்மேல அம்பு எய்யிற சேவகன் வேசம் சுஜீபனுக்கு. அவன் வராட்டி ஆர் எய்யிறது?

அவன் சாட்சி சொல்லக் கோட்டுக்குப் போயிட்டான் எண்டு சொன்னாங்க.

விசயம் ஊருக்கே தெரியும். மூணு மாசத்துக்கு முந்தி, காரைதீவுச் சந்தியில ஒரு மணல் டிப்பர், கல்முனை மரக்கறி யாவாரி காலிதீன் காக்காவை அடிச்சுப் போட்டுது. ஒரு கால் போயிட்டு. டிப்பரை ஓடினது மணல் முதலாளிட மகன். காக்காதான் குறுக்க வந்து விழுந்தார் எண்டு முதலாளி பொலிசில எழுதிக் குடுத்திட்டார். இல்ல, நான் கண்டனான் எண்டு முன்னுக்கு வந்தது சுஜீபன் ஒருத்தன்தான்.

அவன் வேலை செஞ்சதே அந்த முதலாளியிட்டத்தான். இப்ப வேலை இல்ல. எங்கட நாடகத்துக்கு மேடை, லைட், ஸ்பீக்கர் எல்லாம் முதலாளிட உபயம். அதையும் நிப்பாட்டிட்டார். பெருநாள் கமிட்டி கொதிச்சுப் போயிட்டு. ஒரு முஸ்லிம் ஆளுக்காக எங்கட ஆளைக் காட்டிக் குடுக்கிறானே, அவனை நாடகத்தால எடுங்க எண்டாங்க. நானும் தலையாட்டினன்.

பொழுதுபடேக்க வந்தான். சேட்டெல்லாம் வேர்வை.

"தம்பி, காணல்லண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதுமாம்" எண்டன். "வேலையும் திரும்பக் கிடைக்கும், மேடையும் வரும். ஒரு சொல்லுத்தானே?"

"கண்டனானே அண்ணே. கண்டத்தைக் காணல்லண்டு எப்படிச் சொல்ற? வழக்கிட அடுத்த தவணைக்கும் போவன்."

குரல் உயரவும் இல்ல, நடுங்கவும் இல்ல. எனக்கு அதுதான் இன்னும் கோவம். வேற ஆள் கிடைக்காததால, ஏசி ஏசி அவனையே விட்டம்.

பெருநாள் பின்னேரம், மேடை இல்லாம கோயில் முற்றத்திலேயே நாடகம் தொடங்கிச்சு. சனம் நிறைஞ்சிருந்திச்சு. முன்வரிசையில ஊண்டுகோலோட காலிதீன் காக்கா. சுஜீபன்ட நாடகம் பாக்க வந்தவராம். நான் அந்தப் பக்கம் பாக்கல்ல.

தூணில என்னைக் கட்டினாங்க. ராசா வந்து கேட்டார்: "கிறிஸ்துவைத் தெரியாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லு. விட்டுடுறன்."

"உயிர் போனாலும் தெரிஞ்சதைத் தெரியாதெண்டு சொல்ல மாட்டேன்!"

தொண்டை கிழியக் கத்தினன். கைதட்டு அடங்கக் கன நேரம் எடுத்திச்சு. சிலபேர் கண்ணையும் துடைச்சாங்க.

மறுகா அம்பு. எங்கட கோயில்ல ஒரு வழக்கம் இருக்கு. எய்ய முதல், எய்யிறவன் செபஸ்தியாரா நிக்கிறவர்ட காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்கணும். சுஜீபன் வில்லைக் கீழ வெச்சிட்டு முழங்கால்ல நிண்டான். என்ட ரெண்டு காலையும் தொட்டான். எனக்கு மட்டும் கேக்கிறாப்போல மெதுவாச் சொன்னான்:

"அண்ணே, பயப்படாதீங்க. அண்டைக்கு நீங்களும் என்னோட சந்தியில நிண்டு கண்டத்தை நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

காலை இழுக்கப் பாத்தன். முடியல்ல. இறுக்கிக் கட்டச் சொன்னது நான்தானே.