குப்பியில் இருந்தது

"உப்புத் தண்ணி! வெறும் உப்புத் தண்ணியைத்தான் மூணு மாசமா என் தம்பி வயித்துல குத்திக்கிட்டு இருக்கான்!"

அவள் குப்பியை மேஜைமேல் வைத்த வேகத்தில் ஜிம் மாஸ்டர் நிமிர்ந்தார். மத்தியான நேரம். ஜிம்மில் வேறு யாரும் இல்லை.

"யாரும்மா டெஸ்ட் பண்ணது?"

"நான்தான். லேப்ல வேலை பாக்கறேன். வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிவிடற பெப்டைடுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? மருந்துன்னு ஒரு பொட்டுகூட இதுல இல்லை."

"தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை. தோள் விரிஞ்சிருச்சுன்னு கண்ணாடி முன்னாடியே நிக்கறான், பாவம்."

"விரிஞ்சிருக்கும். எட்டு மணி நேரம் தூங்கணும், சிகரெட்டைத் தொடக்கூடாது, அப்பதான் ஊசி பிடிக்கும்னு சொன்னேன். சொன்ன பேச்சு கேக்கற பையன்."

"நக்கலா? நான் போலீசுக்குப் போறேன்!"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்னறைக் கதவுக்கு அப்பாலிருந்து கனமான, கரகரப்பான மூச்சு. உள்ளே இழுத்தது. சட்டென்று நின்றுவிட்டது.

மாஸ்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் ஏதோ எண்ணின.

அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "யாரு... யாரு உள்ளே?"

வெகுநேரம் கழித்து, மூழ்கினவன் மேலே வருவதுபோல மூச்சு திரும்பியது. மாஸ்டரின் தோள் தளர்ந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

கட்டிலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். புடைத்த நெற்றி. முன்னால் தள்ளிய தாடை. கட்டிலுக்கு வெளியே தொங்கிய கை, அவள் கை இரண்டைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. சுவரில் கண்ணாடி மாட்டியிருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும்.

"உங்க அப்பாவா?" என்றாள் மெதுவாக.

"தம்பி. வர்ற மாசம் முப்பது முடியுது."

அந்தக் கை மெல்ல அசைந்தது. "யாருண்ணே?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவளைப் பார்த்ததும் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார் அந்தத் தம்பி.

"ஒண்ணுமில்லைடா, நீ தூங்கு."

அவளுக்குப் புரிந்தது. அந்த ஹார்மோன் அளவு மீறினால் எலும்பு எப்படித் தடிக்கும், தூக்கத்தில் மூச்சு எப்படி அடைபடும் என்று படித்திருக்கிறாள். இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

வெளியே வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஊசி கேட்டு வர்றவங்களைத் திருப்பி அனுப்பிட வேண்டியதுதானே?"

"வேற எங்கயாவது வாங்கிடுவாங்கம்மா. இப்பல்லாம் வீட்டு வாசலுக்கே வருது."

"அப்புறம் எதுக்குக் காசு வாங்கறீங்க?"

"சும்மா குடுத்தா நம்பமாட்டாங்க."

அவள் குப்பியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"உங்க தம்பியும் அப்படித்தான் வெளியில எங்கயோ வாங்கிட்டாரா?"

மாஸ்டர் பின்னறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"இல்லைம்மா. அவன் என்கிட்டதான் கேட்டான். சொந்தத் தம்பியாச்சேன்னு, கலப்படமே இல்லாத மருந்தாத் தேடிப் பிடிச்சு நானே குத்திவிட்டேன்."