பெயர் ஒட்டிய தொட்டி

அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது என் வேலை. போன வாரம் ஒரு லத்தீன் பெயரை வல்லுநர்கள் நீக்கிவிட்டார்கள். 'மூச்சு மட்டும் உள்ளது' என்று அதற்குப் பொருள். அந்தக் காலத்தில் கண்ணில் படாமல், பக்கத்தில் மூச்சு விடுவது மட்டும் கேட்ட ஏதோ ஒரு மிருகத்துக்கு அதை வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு மிருகமே இல்லை என்று இப்போது முடிவாகிவிட்டது.

நீக்கிய பெயரின் சீட்டைப் பழைய இழுப்பறையிலேயே போட்டுப் பூட்டுவது எங்கள் வழக்கம். எழுத்து அழகாக இருக்கிறதே என்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் பாப்பாவின் மீன்கள் செத்துக் காலியாகக் கிடந்த கண்ணாடித் தொட்டியில் விளையாட்டாக ஒட்டினேன்.

மறுநாள் காலை தொட்டியில் ஆவி படிந்திருந்தது. கணவர் துணியால் துடைத்தார். போகவில்லை.

"உள்பக்கமால்ல இருக்கு," என்றார். குரல் இறங்கிவிட்டது. "இந்தச் சனியன எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வச்சிடும்மா."

சீட்டை உரித்துக் கொண்டுபோய் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாலையில் வீடு திரும்பியபோது கணவர் காலைத் தூக்கி சோபாமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். தொட்டி பளிச்சென்று இருந்தது. அதன் மூடி தரையில் கிடந்தது.

"பேரு இருந்தவரைக்கும் அதுக்குள்ளயே இருந்துச்சு," என்றார் மெதுவாக.

"பாப்பா எங்க?"

"தூங்குறா."

பாப்பாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. கதவுக் கண்ணாடியில், முழங்கால் உயரத்தில், ஆவி படிவதும் மறைவதுமாக இருந்தது. உள்பக்கமாக.