சுவர் தட்டிய தாளம்

ஒரு தேரை பேஸ் கிடார் வாங்கியது. தந்தி நாலு, தன் கையில் விரலும் நாலு, பிறகென்ன கஷ்டம் என்று அதற்கு நினைப்பு.

பழைய ராக் பாட்டு ஒன்றின் பேஸ் பகுதியை எடுத்துப் பழகியது. தும், தும், தும் என்று வாசித்ததும் அடுத்த வளைப் பெருச்சாளி சுவரில் தொம்மென்று ஓர் இடி இடிக்கும்.

"என்ன தாள ஞானம்!" என்று தேரைக்குச் சொரசொரத்த தோலெல்லாம் புல்லரிக்கும். அந்த இடிக்கு இடம் விட்டே வாசித்துப் பழகிவிட்டது.

தன் குழுவின் கச்சேரிக்குப் பெருச்சாளியையும் அழைத்தது.

"அதோட இது முடிஞ்சிடுமா தம்பி?"

"முடிஞ்சிடும்ணே."

"அப்ப கட்டாயம் வர்றேன்."

மேடையில் சில்வண்டு பாட, மரங்கொத்தி டிரம்ஸ் வாசித்தது. தும், தும், தும். தேரை சட்டென்று நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

"என்னய்யா நிக்கிறே?" என்று பல்லைக் கடித்தது மரங்கொத்தி.

"இருங்க, சுவர்ல ஒரு இடி வரணும்."

"நம்ம பாட்டுல ஏதுய்யா சுவரு?"

முன்வரிசையில் பெருச்சாளி தலையிலடித்துக்கொண்டது. தொம்!

தேரைக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஆனாலும் இடி சரியான இடத்தில் விழுந்துவிட்டதே, வீணாக்குவானேன் என்று மேலே வாசித்தது.