மீன்கடையில் கல்யாணராமன்

கொச்சி மட்டாஞ்சேரியில் சிராத்தச் சமையல் என்றால் கல்யாணராமன்தான். பித்ருக்களுக்குப் படைக்குமுன் எதையும் நாவில் வைத்துப் பார்க்கலாகாது என்பது முறை; அவரோ மூடியைத் திறந்து ஆவியை முகர்ந்தே உப்புக் குறைவைச் சொல்லிவிடுவார். வெங்காயம் நறுக்கிய வீட்டில் தண்ணீர்கூடக் குடியார்.

அப்பேர்ப்பட்டவர் காலைதோறும் படகுத்துறை மீன்கடைக்குப் போகிறார் என்ற செய்தியை அவர் மனைவி கமலாக்ஷியிடம் கொண்டுவந்தவள் சுபாஷிணி. மறுநாள் அவள் மாமனாருக்குச் சிராத்தம்.

"தப்பா நினைச்சுக்காதேங்கோ மாமி. மாமா மத்திக் கூடைமேல குனிஞ்சு நிக்கறதை எங்காத்துக்காரரே கண்டாராம். அந்தக் கையால நாளைக்கு எப்படி அன்னம் வடிக்கறது?"

"எங்காத்து மனுஷர் மீன் திங்கறார்னு பறயறயா?" என்று சீறி அனுப்பினாளே ஒழிய, கமலாக்ஷிக்கும் உள்ளூரச் சந்தேகம்தான்.

போன மாதக் காய்ச்சலிலிருந்து எழுந்தபின் மனிதர் சரியாகவே இல்லை. வெளியே போய் வந்ததும் இரண்டாம் முறை குளிக்கிறார். நேற்று அவர் அடுப்பருகே அமர்ந்திருக்கையிலேயே பால் அடிப்பிடித்துக் கருகியது; தலை நிமிரவில்லை. உடம்பு தேற மீன் தின்னும்படி எந்த வைத்தியனாவது சொல்லிக் கெடுத்துவிட்டானோ? அது மெய்யானால் இனி எந்த வீடு அவரை அடுப்பண்டை விடும்?

அன்று காலையும் அவர் வெளியே கிளம்பிக் கால்மணி நேரமாகியிருந்தது. கமலாக்ஷி செருப்பை மாட்டிக்கொண்டு நேரே படகுத்துறைக்கு நடந்தாள்.

சுபாஷிணி சொன்னது பொய்யன்று. கல்யாணராமன் கண்களை மூடிக்கொண்டு, ஒரு கூடைக்குள் முகத்தைக் கவிழ்த்திருந்தார். நான்கு முழத்துக்கு அப்பாலேயே கமலாக்ஷி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சாமிக்கு என்ன கிறுக்கோ, மாமி!" என்றார் கடைக்கார யூசுப். "இப்பப் பிடிச்ச, பெடைக்கற மத்தி இருக்கு, வேண்டாங்கறார். மூணு நாள் பழசு தனியா எடுத்து வைக்கணுமாம். எனக்கொண்ணும் மனசிலாகலை."

"ஏன்னா, ஊரே சிரிக்கறது!" என்றாள் கமலாக்ஷி. "திங்கறேளா, இல்லையா? ஒரே வார்த்தை பறயுங்கோ."

கல்யாணராமன் நிமிர்ந்தார். மனைவியின் மூக்கை மறைத்திருந்த முந்தானையைப் பார்த்தார்.

"நோக்கு அங்கேயே குடலைப் பெரட்டறது, இல்லையா? காய்ச்சலோட போனது, திரும்பி வந்துடுத்தான்னு மூணு வாரமா இங்க வந்து மோந்து பாக்கறேன். இன்னைக்கும் ஒரு நாத்தமும் தெரியலை, கமலா. நாளைக்கு நான் சமைக்கலைன்னு சுபாஷிணிகிட்ட சொல்லிடு."