ஸ்டூடியோ ஆல்பம்

முதல் குத்து வாயில் விழுந்தது. கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

"ஆல்பம் எங்கலே?"

கேட்டவன் உக்கிரபாண்டி, அழகுத்தாயின் அண்ணன். கூட வந்த இரண்டு பேர் அறைக்கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு நின்றார்கள்.

சோலைராஜ் ரத்தத்தைத் துப்பினான். ஒரு பல்லும் சேர்ந்து விழுந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் அவன். ராஜபாளையம் மில் வாசல் டீக்கடையில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டூடியோவில் ஆல்பம் ரெடியாகிவிட்டது என்று பீற்றிக்கொண்டான். கிதார், டிரம்ஸ், பாட்டு எல்லாம் அவன் ஒருத்தனே. மூன்று வருஷமாக அவனே கட்டிய ராக் பாட்டுகள். தொண்ணூற்று மூன்றில் அந்த ஊரில் யாருக்கு அது விளங்கும்? ஸ்டூடியோ என்றால் போட்டோ பிடிக்கிற இடம். ஆல்பம் என்றால் கல்யாண ஆல்பம். அவனும் அழகுத்தாயும் மில் பஸ்ஸில் சிரித்துப் பேசியதைப் பார்த்தவர்கள், மாலையையும் தாலியையும் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள்.

"போட்டோ மட்டும் கெடைக்கட்டும். பொறவு அவ கதைய வீட்டுலயே முடிச்சிருவேன்" என்றான் உக்கிரபாண்டி.

சொன்னால் செய்கிறவன் அவன்.

"அது வெறும் பாட்டுண்ணே."

நம்புவார்களா? பெட்டியைக் கொட்டினார்கள். தலையணையைக் கிழித்தார்கள். கிதாரைச் சுவரில் ஓங்கி அடித்தார்கள். அவனுடைய இடது கை விரல்களை அலமாரி இடுக்கில் வைத்து ஒருவன் கதவை உதைத்தான். அலறல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு ஜன்னலும் திறக்கவில்லை.

கடைசியில் சட்டைப்பையில் ஒரு கேசட் அகப்பட்டது. மேலே 'ஆல்பம்' என்று எழுதியிருந்தது. ஸ்டூடியோக்காரர் தன்னிடமிருந்த நாடாவையெல்லாம் அழித்துப் பக்திப் பாட்டு ஏற்றிவிட்டார். உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். மறுநாள் அதை மெட்ராஸுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கேசட் கம்பெனியில் கேட்டுப்பார்க்கச் சம்மதித்திருந்தார்கள்.

உக்கிரபாண்டி அதை டேப்ரிக்கார்டரில் போட்டான். சோலைராஜின் குரல் காட்டுக்கத்தலாகக் கிளம்பியது. கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

உக்கிரபாண்டிக்கு முகம் செத்துப்போயிற்று. கட்டிலில் உட்கார்ந்தான்.

"நெசமாவே பாட்டுத்தானா? சும்மா கெடந்தவன இந்த அடி அடிச்சிட்டோமே. இருங்கலே, முழுசும் கேட்டுட்டுப் போவோம்."

சோலைராஜ் தவழ்ந்து போய்க் கேசட்டைப் பிடுங்கினான். ஒரு கைதான் வேலை செய்தது. நாடாவைப் பல்லில் கவ்வி இழுத்தான். இழுத்து இழுத்துக் கடித்தான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் விடவில்லை.

"கிறுக்குப்பயலே, ஒன் பாட்டுத்தானலே" என்று தடுக்க வந்த உக்கிரபாண்டியின் கையையும் கடித்துவைத்தான். அதற்கு நெஞ்சில் ஒரு உதை கிடைத்தது.

அவர்கள் கிளம்பினார்கள். தங்கச்சியைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்று உக்கிரபாண்டி புலம்பிக்கொண்டே படியிறங்கினான்.

அந்தக் கேசட்டில், கடைசிப் பாட்டு முடிந்து ஸ்டூடியோ மெஷினை நிறுத்துவதற்குள் ஒரு பெண் குரலும் பதிவாகியிருந்தது. அழித்துவிடவா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டபோது சோலைராஜுக்கு மனசு வரவில்லை.

"ஏங்க, போவமா? அண்ணன் தேடும்."