விடுமுறைக் கணக்கு

"இன்னும் அஞ்சு கணக்கு போட்டாத்தான் எழுந்திருக்கலாம்."

"அஞ்சா? அநியாயம்! ரெண்டு."

"நாலு."

"மூணு. அதுக்கு மேல ஒண்ணுகூட முடியாது. தலை சுத்துது."

சாப்பாட்டு மேசையில் அம்மாவும் மகளும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கோடை விடுமுறை முடிந்தால் வடிவியல் வகுப்பு. அதற்குள் இயற்கணிதத்தைத் தேய்த்துத் துலக்கிவிடச் சொல்லி, பள்ளியில் ஒரு கட்டுப் பயிற்சித் தாள் கொடுத்திருந்தார்கள்.

"சமன்குறியைத் தாண்டினா கூட்டல் என்ன ஆகும்?"

"கூட்டலாவே... இல்ல இல்ல, கழித்தல்."

"நேத்தும் இதே தடுமாற்றம். வகுப்புல இப்படி முழிச்சா மானம் போயிடும்."

"திட்டாதே. மண்டையில ஏறினாத்தானே?"

அம்மா பென்சிலைப் போட்டுவிட்டு முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். கணக்கு டீச்சர் வேலையை விட்டுப் போனதும், வரலாறு நடத்திக்கொண்டிருந்தவளின் தலையில் வடிவியலையும் கட்டிவிட்டார் தலைமையாசிரியர். மகள் தன் தாள்களை எப்போதோ முடித்துவிட்டாள். இப்போது அம்மாவின் முறை.

"உன் வகுப்புக்குத்தான்டி நான் பாடம் எடுக்கணும். எல்லாரும் சிரிச்சா?"

மகள் பென்சிலை எடுத்து அம்மாவின் விரல்களுக்கு நடுவே செருகினாள்.

"நீ தப்பாப் போட்டா நான் கை தூக்க மாட்டேன். மெதுவா இருமுறேன். உடனே அழிச்சிடு."